செல்லோ கேட்டபடி ஒரு கரிசல் பயணம்

விருதுநகர்

பெயர் விஷயத்தில் விருதுநகர் விட்டுக்கொடுக்காத ஊர். விருதுபட்டி என்று கிடந்தது 1923-ல் விருதுநகர் ஆனது. தன் பெயரோடு நிற்காமல் மாநிலத்தின் பெயருக்கும் மல்லுக்கட்டியது. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டக் கோரி, 1956 ஜூலையில் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் உட்கார்ந்தது இங்கேதான். அக்டோபர் 13-ஆம் தேதி அவர் உயிர் பிரிந்தது. அவர் கேட்ட பெயர் 1969-ல்தான் வந்தது.

அப்படிப்பட்ட ஊரில், பெயரே வெளியில் தெரியாத ஒரு கூட்டத்தை நினைத்துக்கொண்டு வந்து இறங்கினார் ஒரு வடபழனிக்காரர். சினிமா ஒலிப்பதிவுக் கூடங்கள் இருக்கும் பேட்டையிலேயே குடியிருப்பவர். அங்கே தேநீர்க் கடைகளில் வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவசரமாக டீ குடிக்கிறவர்களைப் பார்த்துப் பழகியவர். அவர்களிலும் அவர் கண் தேடுவது, ஆள் உயரப் பெட்டி ஒன்றை ஆட்டோவில் சாய்த்து ஏற்றப் படாதபாடு படுகிறவரை. அந்தப் பெட்டிக்குள் இருப்பது செல்லோ.

வயலினுக்கும் வயோலாவுக்கும் மூத்தது போலத் தோன்றும் வாத்தியம் அது. நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வில் போடுவார்கள். நான்கு தந்திகள். ஆகத் தடித்த தந்தி விநாடிக்குச் சுமார் 65 முறை அதிரும். அங்கே தொடங்கி ஆண்குரல் புழங்கும் இடத்தையெல்லாம் தாண்டிப் பெண்குரல் வரைக்கும் ஏறும். தமிழ்த் திரைப்பாட்டில் பாடகர் மூச்சு விடும் இடைவெளியில், வயலின்களுக்கு அடியில், கனமாக ஒன்று நகர்ந்து போகிறதே, பெரும்பாலும் அது செல்லோதான். கேட்காத காது தமிழ்நாட்டில் இல்லை. வாசித்தவர் யார் என்று கேட்டவர் மிகக் குறைவு.

விருதுநகரில் அந்தக் கேள்வியை முதலில் எதிர்கொண்டவர் ஒரு புரோட்டா மாஸ்டர். சாயங்காலம் ஆனால் இந்த ஊர் எண்ணெய் புரோட்டாவுக்குக் கூடிவிடும். உள்ளங்கை அகலப் புரோட்டாக்கள் கல்லில் எண்ணெய் குளித்து மொறுமொறுவென்று வரும். பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி ஊறவிட்டால் மேலே நொறுங்கும், அடியில் குழையும். சென்னையில் இழுத்தால் இழுபடும் புரோட்டாவைத் தின்றே வளர்ந்தவருக்கு இது வேறு சாதி உணவு. கடையின் ஒலிபெருக்கியில் எண்பதுகளின் இளையராஜா. மாஸ்டருக்குப் படத்தின் பெயர் தெரிந்தது, பாடியவர் தெரிந்தது, எழுதியவர் தெரிந்தது, அது எந்தத் தியேட்டரில் ஓடியது என்பதும் தெரிந்தது.

“வாசிச்சது யாருண்ணே?”

“இளையராஜாதான் சார்.”

“அவர் போட்டது. வாசிச்சது?”

மாஸ்டர் மாவைத் தூக்கி வீசி விரித்தபடியே யோசித்தார். “அவரு ஆளுக வாசிச்சிருப்பாக.”

அந்த ‘ஆளுக’ளில் சிலர் 1993-ல் தங்களுக்கென்று ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள்: மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட். வயலினில் வி.எஸ். நரசிம்மன், இரண்டாம் வயலினில் மோகன் ராவ், வயோலாவில் பி.ஜே. சந்திரன், செல்லோவில் வி.ஆர். சேகர். திரையிசை ஒலிப்பதிவுகளில் உழைத்தவர்கள், கர்நாடகக் கீர்த்தனைகளை எடுத்து நான்கு மேற்கத்தியத் தந்தி வாத்தியங்களுக்குப் பிரித்து வாசித்தார்கள். ராகம் ராகமாகவே இருக்கும். அடியில் ஹார்மனி நகரும். இளையராஜா 1986-ல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பில் தியாகராஜரையும் பாஹையும் ஒரே வீட்டில் குடிவைத்தபோது, அதில் வயலினை ஏந்தியவரும் இதே நரசிம்மன்தான். வடபழனிக்காரரின் கைபேசியில் இந்தப் பயணத்துக்கென்று ஏற்றப்பட்டிருந்தவை பெரும்பாலும் இவையே.

மறுநாள் காலை சந்தைப் பக்கம் மிளகாய் வற்றல் நெடி தும்மலோடு வரவேற்றது. மல்லி, உளுந்து, துவரை, எண்ணெய் எல்லாவற்றுக்கும் இங்கே சொல்லும் விலையைத் தமிழ்ப் பத்திரிகைகள் ‘விருதுநகர் மார்க்கெட்’ என்று தனியாக அச்சிடுகிற பழக்கம் உண்டு. இந்த ஊர்க்காரரான இயக்குநர் வசந்தபாலன் 2006-ல் ‘வெயில்’ எடுத்தபோது, சினிமாக் கொட்டகையே கதி என்று கிடந்த ஒரு பையனின் கதையை இந்தத் தெருக்களில்தான் நடத்தினார். ஜி.வி. பிரகாஷ்குமார் இசையமைப்பாளராக அறிமுகமானதும் அந்தப் படத்தில். காலை ஒன்பது மணிக்கே அந்தத் தலைப்பின் நியாயம் உச்சந்தலையில் உறைத்தது.

திருத்தங்கல் வழியே

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகிற பாதையில் தண்ணீரைப் பார்ப்பது அரிது. கண்மாய்கள் உண்டு. அவற்றின் கரைகள் உண்டு. நடுவே சீமைக்கருவேலம் அடர்ந்திருக்கும். நின்ற நாராயணப் பெருமாள் குன்றின் மேலிருக்கும் திருத்தங்கலை நெருங்கும்போதே தீப்பெட்டிக் குச்சிகளும் அட்டைகளும் ஏற்றிய வண்டிகள் எதிர்ப்படத் தொடங்கிவிடும்.

மழை ஏமாற்றியதுதான் இந்த வட்டாரத்தின் முதலீடு. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். குச்சி காய வெயில் வேண்டும். மருந்து நமுத்துப்போகாத காற்று வேண்டும். இரண்டும் இங்கே இலவசம். தீப்பெட்டிக்குப் பின்னால் 1940-களில் பட்டாசு ஆலைகள் பெருகின. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டுமே என்று அச்சு இயந்திரம் வந்தது. காகிதத்துக்கும் ஈரம் ஆகாது. ஒரே வறட்சி மூன்று தொழில்களுக்குச் சோறு போட்டது.

செல்லோவுக்கு மட்டும் இந்தக் காற்று ஒத்துக்கொள்ளாது. அதன் மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம், அடிப்பலகை மேப்பிள். இரண்டும் குளிர்நாட்டு மரங்கள். காற்றில் ஈரம் குறைந்தால் மரம் சுருங்கி, பலகையில் விரிசல் விடும். முறுக்காணிகள் வழுக்கி, கூட்டிய சுருதி இறங்கிவிடும். சென்னையில் வியாதி நேரெதிர். கடற்காற்றில் மரம் உப்பும், பசை விட்டுப்போய் விளிம்புகள் வாய் பிளக்கும். அதனால்தான் செல்லோக்காரர்கள் ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் பெட்டியைத் திறக்க யோசிக்கிறார்கள். இந்தப் பக்கத்து வாத்தியமான நாதஸ்வரத்துக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. ஆச்சா மரத்தில் கடைந்த அதன் உடம்பு, பங்குனி வெயிலில் சாமி ஊர்வலத்தோடு தெருத் தெருவாக நடந்துவரும்.

சிவகாசி

‘குட்டி ஜப்பான்’ என்று நேரு பாராட்டியதாக இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 1990-ல் சலம் பென்னூர்கர் எடுத்த ஆவணப்படம் அதே பட்டத்தைத் திருப்பிப்போட்டு, ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்று தலைப்பு வைத்துத் தீப்பெட்டி ஆலைகளில் வேலை பார்த்த பிள்ளைகளைக் காட்டியது. இரண்டும் ஒரே ஊரைப் பற்றியவைதான்.

சந்துக்குச் சந்து அச்சகம். நடந்துபோகிறவர் காலுக்கடியில் தரை லேசாக அதிரும். ஆஃப்செட் இயந்திரம் காகிதத்தை உறிஞ்சி எடுத்து உருளைக்குள் தள்ளும் தாளம், கொஞ்ச நேரம் கேட்டால் ஆறு எட்டாகக் காதில் விழுகிறது. தினசரிக் காலண்டர், நோட்டு அட்டை, ஊறுகாய் லேபிள், கல்யாணப் பத்திரிகை என்று எதையும் அடிப்பார்கள். தமிழ்நாட்டுச் சுவர்களை நிறைத்த சினிமா போஸ்டர்களில் பெரும்பங்கும் இந்த ஊர் இயந்திரங்கள் துப்பியவைதான்.

ஒரு அச்சகத்தில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் பழைய போஸ்டர்களைச் சுருட்டி வைத்திருந்தார். மெஷின்மேனாகத் தொடங்கி மேற்பார்வைக்கு வந்தவர். ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார். நாயகன் முகம், நாயகி முகம், மூலையில் வில்லன். கீழே பெயர்கள். தயாரிப்பு, இயக்கம், இசை. இசையமைப்பாளரின் பெயர் சில போஸ்டர்களில் நாயகன் பெயரளவு பெரிதாக நின்றது.

“இத்தனை பேர் போட்டிருக்கீங்களே, பாட்டுக்கு வாசிச்சவங்க பேர் எதுலயாவது வந்திருக்கா?”

அவர் சிரித்தார். “குடுக்குறத அடிக்கிறோம் சார். அம்பது பேரு வாசிச்சா அம்பது பேரையும் போட முடியுமா? அப்புறம் ஈரோ மூஞ்சிக்கு எடம் ஏது?”

பிறகு தன் தொழிலிலிருந்தே ஒன்றைக் காட்டினார். நான்கு பிளேட்டுகள்: சயான், மஜெண்டா, மஞ்சள், பிளாக். முதல் மூன்றை மட்டும் ஓட்டிய தாளில் நாயகனின் முகம் காய்ச்சல்காரன் போல வெளிறிக் கிடந்தது. நான்காவது ஏறியதும் கண்ணுக்கு ஆழமும் மீசைக்கு அழுத்தமும் வந்தன. “பாக்குறவன் செவப்பா இருக்கு, நீலமா இருக்கும்பான். கறுப்பு நல்லாருக்குன்னு ஒருத்தன் சொன்னதில்ல” என்றார். செல்லோவை இதைவிடத் துல்லியமாக வடபழனியில்கூட யாரும் விளக்கியதில்லை.

வாசிக்கிறவர்களின் நாள் எப்படி ஓடுகிறது என்று அவர் ஆர்வமாகக் கேட்டார். நடிகர்களுக்கு உள்ளது போலவே அவர்களுக்கும் கால்ஷீட் கணக்கு உண்டு. சென்னையில் திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் உண்டு. அதைக் கட்டி எழுப்பியதில் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனுக்குப் பெரும்பங்கு உண்டு. கலைஞர் உள்ளே போய் உட்காரும்போதுதான் ஸ்டாண்டில் நொட்டேஷன் தாள் வரும். அதுவரை பாட்டு என்னவென்றே தெரியாது. பார்த்த மாத்திரத்தில் வாசிக்க வேண்டும். ஒரு காதில் தாளத்துக்கான கிளிக் சத்தம், மறு காதில் பக்கத்தில் இருப்பவரின் வில். எல்லாரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்துப் பதிவுசெய்த காலத்தில், கடைசி வரிசையில் ஒருவர் பிசகினாலும் மொத்தப் பேரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டியிருந்தது.

ஏ.ஆர். ரஹ்மான் வந்த பிறகு இந்தப் பெயர் விவகாரத்தில் ஒரு மாற்றம் நேர்ந்தது. கேசட், சிடி உறைகளில் யார் புல்லாங்குழல், யார் கிடார் என்று அவர் அச்சிட வைத்தார். ‘பம்பாய்’ படத்தின் கருப்பொருள் இசையில் ஊதியவர் நவீன்குமார் என்று ரசிகர்கள் சொல்லத் தொடங்கியது அப்படித்தான். 2008-ல் ரஹ்மான் சென்னையில் நிறுவிய கே.எம். இசைப் பள்ளியின் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா, வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு வயலினும் வயோலாவும் செல்லோவும் கற்றுத் தருகிறது. நல்ல செல்லோ ஒன்றின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது என்பதால், கோடம்பாக்கத்துக்கு அடுத்த தலைமுறைத் தந்திக் கலைஞர்கள் வேறு எந்த வழியில் வருவார்கள் என்று சொல்வது சிரமம்.

மீசைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கேசட்டு ஒறையில போட்டாங்க சரி. இப்ப ஒறையே இல்லையே” என்றார்.

வெம்பக்கோட்டைச் சாலை

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகும் வழியில் பட்டாசு ஆலைகளை வெளியிலிருந்தே அடையாளம் காணலாம். ஒன்றோடொன்று ஒட்டாமல், வெட்டவெளியில் இடைவெளி விட்டு நிற்கும் சிறு சிறு அறைகள். எந்தப் பக்கம் தீப்பிடித்தாலும் வேறு பக்கம் ஓட ஏராளமான வாசல்கள். ஓர் அறை வெடித்தால் அடுத்த அறை தப்ப வேண்டும் என்ற கணக்கில் ஊரே இப்படிக் கட்டப்பட்டிருக்கிறது. கணக்கு எப்போதும் பலிப்பதில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் ஓர் ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றைத் தேநீர்க் கடைகளில் தேதி சொல்லாமல் ஊர்ப்பெயர் சொல்லியே நினைவுகூர்கிறார்கள்.

மருந்துக் கலவை அதிகாலைக் குளிர்ச்சியில் நடக்கும். வெயில் ஏறிய பின் கலப்பது ஆபத்து. கலந்ததை அன்றன்றே தீர்க்க வேண்டும். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்குப் பேரியம், நீலத்துக்குச் செம்பு, வெள்ளைக்கு அலுமினியம். 2018-ல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுகளுக்கு மட்டும் அனுமதி என்று தீர்ப்பளித்துப் பேரியத்தையும் சரவெடியையும் தடுத்தது. நாட்டின் பட்டாசில் சுமார் 90 விழுக்காட்டைச் செய்யும் பகுதி இது. தீர்ப்பு டெல்லியின் காற்றை எண்ணி எழுதப்பட்டது, அடுப்பு அணைந்தது இங்கே.

வேலை விட்டு வேனுக்குக் காத்திருந்த பெண்களின் விரல்களில் அலுமினியப் பொடி வெள்ளி பூசியிருந்தது. ஒரு அக்கா கல்யாணமான வருஷத்திலிருந்து சரவெடி பின்னியவர். பின்னுவது கைவேகம். திரியை மடித்து முடிச்சுப்போட்டு அடுத்ததைக் கோக்கும்போது கண் அங்கே இருக்கத் தேவையில்லை. சரவெடி நின்ற பிறகு அவர் பெட்டி மடிக்கிறார். “அது வேலை. இது சும்மா மடிக்கிறது” என்றார். அவர் பின்னிய சரங்களின் மேல் ஒட்டியிருந்த லேபிளில் கம்பெனி பெயர் இருந்தது, சாமி படம் இருந்தது.

ஆலைக்குள் கைபேசி கூடாது, அதனால் பாட்டும் கிடையாது. வேனில் ஏறியதும் முதல் வேலை பாட்டுப் போடுவதுதான்.

சத்தத்துக்கும் இங்கே அளவுகோல் உண்டு. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். ஒலிப்பதிவுக் கூடத்தில் செல்லோவுக்கு முன்னால் வைக்கும் மைக் இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. வில்லின் குதிரைமுடி தந்தியைக் கவ்வும் கணத்தின் உராய்வு, வாசிப்பவரின் மூச்சு, நாற்காலியின் முனகல் எல்லாவற்றையும் அது எடுத்துக்கொள்ளும். அந்த உராய்வைக்கூடக் கணினிக்குள் அடைத்துவிட்டார்கள். செல்லோவின் ஒவ்வொரு சுரத்தையும் விதவிதமாக வாசித்துப் பதிந்த ஒலித்தொகுப்புகள் விலைக்குக் கிடைக்கின்றன. கீபோர்டில் விரல் வைத்தால் இருபது செல்லோ எழும். இன்னொரு பக்கம் ‘ஹே ராம்’ படத்துக்கு இளையராஜா புடாபெஸ்ட் போனதிலிருந்து, பணம் இருக்கிற படங்கள் ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ராவைத் தேடுகின்றன. நடுவில் மாட்டிக்கொண்டவர் வடபழனி செல்லோக்காரர். அவரும் சில நாள் பெட்டி மடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்: நிஜத் தந்தியின் உயிர் கொஞ்சம் வேண்டும் என்று கூப்பிட்டு, கணினி வாசித்ததற்கு மேல் ஒரே ஒரு வரியை வாசிக்கவைத்து அனுப்புகிறார்கள்.

சாத்தூர்

சாத்தூரில் வைப்பாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது கீழே மணல்தான் ஓடியது. கரையோரம் விளையும் வெள்ளரிப் பிஞ்சுக்கு இந்த ஊர் பெயர் வாங்கியது. ரயில் நிலைய நடைமேடையில் நீளவாக்கில் கீறி மிளகாய்ப்பொடி தடவி நீட்டுவார்கள். சேவு இன்னொரு பெருமை. மிளகு காரம் முதலில் தெரியாது. நாலாவது வாயில் பிடரி வேர்க்கும்.

இங்கே சந்தித்தவர் நையாண்டி மேளத்தில் நாதஸ்வரம் ஊதுகிறவர். கரகாட்டத்தோடு போகும் செட்டு அவருடையது. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம். பங்குனி, சித்திரையில் தூக்கம் கிடையாது. கொடை நடக்கும் கோயிலில் ராத்திரி எப்படிப் போகும் என்று விவரித்தார். முதலில் மல்லாரி மாதிரி ஒன்று. சாமி வரும்போது அதற்குரிய மேளம். ஆட்டம் சூடுபிடித்தால் தெம்மாங்கு. நடுச்சாமத்தில் கூட்டம் சினிமாப் பாட்டுக் கேட்கும். ‘கரகாட்டக்காரன்’ 1989-ல் வந்ததிலிருந்து அந்தப் படத்துப் பாட்டை ஊதாமல் யாரும் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

“நொட்டேஷன் எல்லாம் நமக்குத் தெரியாது அண்ணாச்சி. ரெண்டு தடவ கேட்டா ஊதிருவேன். அந்தப் பாட்டுல நடுவுல வயலின் கூட்டமா வருமே, அதையும் சேத்துதான் ஊதணும். விட்டா பயலுக சத்தம் போடுவானுக.”

தந்திகளுக்கு எழுதிய வரியை நாதஸ்வரத்தில் ஊதிக் காட்டச் சொன்னபோது, சீவாளியை வாயில் ஊறவைத்துக்கொண்டு மெல்லிய சத்தத்தில் ஊதினார். செல்லோவின் வரியும் உள்ளே இருந்தது. கீழே இறங்க வேண்டிய இடத்தில் நாதஸ்வரத்துக்கு இறக்கம் போதாமல் மேல் ஸ்தாயியில் சமாளித்தார்.

ஓர் இரவில் பல உலகங்களுக்குள் போய்த் திரும்பும் இந்தத் திறமைக்கு மேல்நாட்டில் பெரிய மேடைகள் கிடைத்திருக்கின்றன. பாஹின் தனி செல்லோப் படைப்புகளுக்குப் பேர்போன யோ-யோ மா, 2000-ல் வந்த ‘க்ரவுச்சிங் டைகர் ஹிட்டன் டிராகன்’ படத்துக்கு டான் டுன் எழுதிய இசையில் செல்லோ வாசித்தார். அதற்கு இரண்டு வருடம் முன்பு சில்க்ரோட் என்ற அமைப்பைத் தொடங்கி, சீனத்துப் பீப்பாவையும் ஈரானின் கமாஞ்சேவையும் நம் தபேலாவையும் ஒரே குழுவில் உட்காரவைத்தார். நெதர்லாந்தில் பிறந்து இந்துஸ்தானி பயின்ற சாஸ்கியா ராவ்-டி ஹாஸ் இன்னும் ஒரு படி போனார். செல்லோவையே சிறிதாக்கி, ஐந்து வாசிப்புத் தந்திகளும் பத்து பரிவதிர்வுத் தந்திகளும் பூட்டி, தரையில் சம்மணமிட்டு வாசிக்கிறார். செல்லோவில் கிடார் போல மெட்டுக்கட்டைகள் இல்லை. விரல் வழுக்கிப் போகும் இடமெல்லாம் ஓசை தொடரும் என்பதால் கமகத்துக்கு அது இயல்பாகவே வளையும். மேற்கத்தியத் தாளைப் பார்த்து வாசிக்கும் சென்னைச் செல்லோக்காரர், இயக்குநர் ‘இங்கே கொஞ்சம் நம்ம ஊர் மாதிரி’ என்றதும் அதே தந்தியில் காம்போதிக்குள் நுழைய முடிவது அதனால்தான்.

சாத்தூர்க்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே சேவுப் பொட்டலத்தை நீட்டினார். “அந்தச் சீனாக்காரரு கொடைக்கு வருவாரா?” என்று கேட்டார்.

கோவில்பட்டி

மாவட்ட எல்லையைத் தாண்டினால் கரிசல் இன்னும் கறுக்கிறது. கோவில்பட்டியில் கடலை மிட்டாய்க் கடைகளின் பாகு வாசம் பேருந்து நிலையம் வரை வரும். மண்ணின் கடலை, நல்ல வெல்லம், பாகுப் பதம் தெரிந்த கை. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிக்கொடுத்தவை அவைதான்.

ஒரு நாதஸ்வரக் கலைஞர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போய்ப் பெயரோடு வெளியே வந்த கதை இந்த ஊருக்குச் சொந்தம். காருகுறிச்சி அருணாசலம் திருநெல்வேலிப் பக்கத்துக் காருகுறிச்சியில் 1921-ல் பிறந்தார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்றார். கோவில்பட்டியை வீடாக்கிக்கொண்டார். 1962-ல் ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் ஜெமினி கணேசன் திரையில் நாதஸ்வரத்தை வாயில் வைக்க, ஊதியவர் அருணாசலம். எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் இசையில், ஆபேரி ராகத்தில், எஸ். ஜானகியின் குரல் அந்த நாதஸ்வரத்தைத் துரத்திக்கொண்டே ஓடும். குரலும் குழலும் தனித்தனியே பதிவாகிப் பின்னால் இணைந்தன என்று இசை ரசிகர்கள் சொல்வார்கள். சுரத்துக்குச் சுரம் ஒட்டி நடக்கும் இருவரும் ஒரே அறையில் இல்லை என்பதை நம்பக் காது மறுக்கும்.

ஆறு வருடம் கழித்துத் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிவாஜி கணேசனுக்காக ஊதிய மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுக்கும் அதே மரியாதை வாய்த்தது. திரையில் வாத்தியத்தைக் கதாநாயகன் கையில் கொடுத்தால்தான் பின்னால் ஊதியவரைத் தேடுகிறார்கள். 1981-ல் ‘ராஜ பார்வை’யில் கமல்ஹாசன் பார்வையற்ற வயலின் கலைஞராக வந்தார், வயலினுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்த்தது. கதாநாயகன் முழங்கால்களுக்கு நடுவே செல்லோவை நிறுத்தி டூயட் பாடும் தமிழ்ப்படம் வந்தால் செல்லோக்காரர்களுக்கும் விடியும்.

அருணாசலம் 1964-ல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே போய்விட்டார். இடைசெவல் கிராமத்து நண்பர்களான கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் எழுத்தாளர்களாக இருந்தும் இசைக்குக் காதைக் கொடுத்தவர்கள். ஊர்ப்பக்கத்துக் கலைஞரைக் கொண்டாட எழுதத் தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருப்பது ஒரு கொடுப்பினை.

எட்டயபுரம்

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம். பாரதி பிறந்த வீட்டைப் பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம். முத்துசாமி தீட்சிதர் 1835-ல் அடங்கியதும் இந்த ஊரில்தான்; அவர் சமாதிக்குச் சங்கீதக்காரர்கள் வருவார்கள். அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதரைத் தேடி வருகிறவர்கள் குறைவு. செல்லோவின் தடம் பிடித்து வந்த வடபழனிக்காரருக்கு இந்தத் தம்பிதான் முக்கியம்.

இருநூறு வருடத்துக்கு முன்பு சென்னைக் கோட்டையில் கம்பெனிக்காரர்களின் இசைக்குழு வாசித்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்டு மயங்கிய பாலுசாமிக்கு மணலி முதலியார் ஆதரவளித்தார். ஐரோப்பிய வயலின்காரர் ஒருவரை அமர்த்திப் பாடம் சொல்லிவைத்தார். மேற்கத்திய வில்லை வாங்கிக் கர்நாடக ராகத்தில் இழைத்த முதல் கைகளில் ஒன்று பாலுசாமியுடையது. பிறகு அவர் எட்டயபுரம் அரசவையில் ஆஸ்தான வித்துவானாக அமர்ந்தார். அண்ணன் முத்துசாமி, ஐரோப்பிய பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதி ‘நோட்டுஸ்வரம்’ என்று ஒரு வரிசையே செய்துவைத்தார். உலக இசை என்று இன்று திருவிழாக்களில் சொல்லிக்கொள்வதை அந்தச் சகோதரர்கள் பல்லக்கும் மாட்டு வண்டியும் ஓடிய காலத்திலேயே நடத்திக் காட்டிவிட்டார்கள். கோடம்பாக்கத்தின் ஒவ்வொரு வயலினும், அதன் பின்னால் வந்த செல்லோவும், அந்த வில்லின் வழிவந்தவை.

பாலுசாமி வளர்த்த பேரன் சுப்பராம தீட்சிதர், 1904-ல் எட்டயபுரத்தில் அச்சான ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் கீர்த்தனைகளைச் சுரக்குறிப்போடு பதிந்ததோடு, இசைவாணர்களின் வாழ்க்கைக் குறிப்புகளையும் தொகுத்துவைத்தார். சிவகாசியில் லேபிள் அச்சு தொடங்குவதற்கு முன்பே இந்தக் கரிசலில் இசைக்காரர்களின் பெயர்கள் மை ஏறிவிட்டன.

கடைத்தெருவில் ஒரு சிறிய கம்ப்யூட்டர் அச்சுக்கடை. இளைஞர் ஒருவர் திரையில் அம்மன் கோயில் கொடை நோட்டீஸ் வடிவமைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்து நோட்டீஸில் எல்லாருக்கும் இடம் உண்டு. நாதஸ்வரம் இன்னார், தவில் இன்னார், ஸ்பெஷல் தவில் இன்னார், வில்லிசை இன்னார், குடம் இன்னார், கரகம் இன்னார், ஒலி ஒளி அமைப்பு இன்னார், பந்தல் இன்னார். ஊர்ப்பெயரோடு, சிலருக்கு அடைமொழியோடு. தவில்காரர் ஒருவர் போனில் தன் பெயருக்கு முன்னால் ‘கலைமாமணி’யா ‘கலைச்சுடர்’ஆ என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். சென்னையில் கோடி ரூபாய்ப் போஸ்டரில் கிடைக்காத இடம், இருநூறு நோட்டீஸ் அடிக்கும் இந்தக் கடையில் தாராளமாகக் கிடைத்தது.

போன் பேசி முடித்த இளைஞரிடம் பாலுசாமி கதையைச் சொல்ல, அவர் ஆர்வமாகக் கேட்டார்.

“அந்த வெள்ளக்கார வாத்தியாரு பேரு என்ன அண்ணாச்சி?”

வடபழனிக்காரர் படித்த வரையில் எல்லாப் புத்தகங்களிலும் அவர் ‘ஓர் ஐரோப்பியர்’தான்.

“பேரு குடுக்காம விட்டா நாங்க ஒண்ணு செய்வோம்” என்று இளைஞர் திரைப்பக்கம் திரும்பி, கரகாட்ட செட்டுக்குக் கீழே தட்டினார்: மற்றும் குழுவினர்.